ஐந்து லாட்டுக்கு எத்தனை அடுக்கு? வரிசைமாற்ற ஃபங்ஷனுக்கு ஆவணம் எழுதும் முறை

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் துணிக்குச் சாயமேற்றும் ஒரே சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் இன்றைக்கு ஐந்து லாட் (ஒரு தடவையில் சாயமேற்றும் துணி) ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வெள்ளை, இரண்டு நேவி, ஒரு சிவப்பு. எத்தனை விதமாக முன்பின் மாற்றி ஓட்டலாம்? ஷேடு மாறும்போது மெஷின் கழுவுகிற கணக்கைப் பார்ப்பவருக்கு இரண்டு வெள்ளையும் ஒன்றுதான். அவருக்கு விடை 30. லாட் கார்டு எழுதுபவருக்கு ஒரு வெள்ளை ஒரு பார்ட்டியுடையது, இன்னொரு வெள்ளை வேறு பார்ட்டியுடையது. அவருக்கு விடை 120. இரண்டு பேர் கணக்கும் சரி. இதற்குக் கோவையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவர், பிறர் எழுதி வைத்த ஃபங்ஷன்களின் தொகுப்பான லைப்ரரியில் ‘பெர்முடேஷன்ஸ்’ என்ற பெயரைப் பார்த்ததும் எடுத்துப் போட்டுவிடுகிறார். அந்தப் பெயருக்குள் 30-உம் இல்லை, 120-உம் இல்லை. எந்தக் கணக்கு என்பது ஆவணத்தில், அதாவது ஃபங்ஷனோடு வரும் விளக்கக் குறிப்பில், இருந்தாக வேண்டும்.

பல லைப்ரரிகளில் இந்த ஃபங்ஷனுக்கு எழுதியிருப்பது ஒரே வரி: ‘கொடுத்த பட்டியலின் எல்லா வரிசைமாற்றங்களையும் தரும்.’ பெயரையே திருப்பிச் சொன்னதுதான். கூடவே 1, 2, 3 வைத்து ஒரு எடுத்துக்காட்டு. அந்த எடுத்துக்காட்டில்தான் சிக்கலே. மூன்றும் வெவ்வேறு, ஏறுவரிசையில் வேறு இருக்கின்றன. இந்த உள்ளீட்டுக்கு, ஒன்றுக்கொன்று ஒத்துவராத நாலைந்து விதமான ஃபங்ஷன்களும் ஒரே மாதிரி ஆறு விடை தரும்.

முதலில் சொல் விவகாரம். பள்ளிக் கணக்குப் புத்தகம் ‘வரிசைமாற்றம்’ என்கிறது, நல்ல சொல்தான். ஆனால் ஆவணத்தில் ‘வரிசை’ என்று எழுதும்போது ஒவ்வொரு விடையும் வரிசை, விடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவருவதும் வரிசை, சிலருக்கு அர்ரேயும் (மெமரியில் அடுத்தடுத்து வைத்த பட்டியல்) வரிசை. ‘வரிசைகள் வரிசையாக வரும்’ என்று எழுதிவிட்டால் படிப்பவர் எதைப் பிடிப்பது? ஒரு விடையை ‘அடுக்கு’ என்றும், அவை வெளிவரும் முறையை மட்டும் ‘வரிசை’ என்றும் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். இங்கேயும் அப்படியே.

இனி இடமா மதிப்பா என்ற கேள்வி. பைத்தான் மொழியின் ஐட்டர்டூல்ஸ் லைப்ரரியில் உள்ள பெர்முடேஷன்ஸ் (2.6 பதிப்பிலிருந்து இருக்கிறது) பொருள்களை அவை நிற்கும் இடத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கிறது, மதிப்பைப் பார்ப்பதே இல்லை. அதன் ஆவணமும் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. கோவை, ஈரோடு, கோவை என்று மூன்றைக் கொடுத்துப் பாருங்கள். ஆறு அடுக்கு வரும்: கோவை-ஈரோடு-கோவை, கோவை-கோவை-ஈரோடு, ஈரோடு-கோவை-கோவை, மறுபடி ஈரோடு-கோவை-கோவை, மறுபடி கோவை-கோவை-ஈரோடு, கடைசியாகக் கோவை-ஈரோடு-கோவை. ஒவ்வொன்றும் இரண்டு முறை. இது பிழை கிடையாது, ஒப்பந்தம். ஆனால் 1, 2, 3-ஐ மட்டும் பார்த்தவர் இதைப் பிழை என்றே எடுத்துக்கொள்வார்.

சி++ மொழியின் நெக்ஸ்ட் பெர்முடேஷன் இதற்கு நேர் எதிர். அது மதிப்பைத்தான் ஒப்பிடும். கையில் இருக்கிற அடுக்குக்கு அகராதிப்படி அடுத்ததாக வருவதைச் செய்து வைத்து ‘உண்டு’ என்று சொல்லும். அடுத்தது இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஏறுவரிசைக்குத் திருப்பிவிட்டு ‘இல்லை’ என்று சொல்லும். அதே கோவை, ஈரோடு, கோவையை அப்படியே, ‘இல்லை’ என்று வரும்வரை திரும்ப ஓடும் டூ-வைல் லூப்பில் விட்டால் இரண்டே அடுக்குதான் கிடைக்கும்: கோவை-ஈரோடு-கோவை, கோவை-கோவை-ஈரோடு. ஈரோடு-கோவை-கோவை வராது. அது அகராதியில் முன்னாடியே கடந்துபோனது. முதலில் சார்ட் செய்துவிட்டு, அதாவது சிறியதிலிருந்து பெரியதாக ஒழுங்குபடுத்திவிட்டுத் தொடங்கினால் மூன்றும் வரும், ஒன்றுகூட இரட்டிக்காது. ‘முதலில் சார்ட் செய்யவும்’ என்ற மூன்று சொல் இல்லாத ஆவணம் இந்த ஃபங்ஷனுக்கு ஆவணமே இல்லை என்பேன். பிழைச் செய்தி எதுவும் வராது. விடை மட்டும் குறையும்.

ஏன் இரட்டிக்காது என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம், படிப்பவருக்கு அது உதவும். வழி இது: வலது கோடியிலிருந்து இடப்பக்கம் வந்து, தனக்கு அடுத்து நிற்பதைவிடச் சிறியதாக இருக்கும் முதல் இடத்தைப் பிடி, அதைவிடப் பெரியதாக வலக்கோடியில் முதலில் கிடைப்பதோடு மாற்று, அந்த இடத்துக்கு வலப்பக்கம் உள்ளதைத் தலைகீழாக்கு. 1 3 4 2 என்றால் பிடிபடுவது 3, மாற்றுவது 4-உடன், வந்தது 1 4 3 2. வாலைத் திருப்பினால் 1 4 2 3. ‘சிறியது’, ‘பெரியது’ என்று கறாராகப் பார்ப்பதால் சமமானவை தங்களுக்குள் இடம் மாறியதால் மட்டும் புதிய அடுக்கு உருவாவதே இல்லை. 14-ஆம் நூற்றாண்டில், 1356-இல் எழுதப்பட்ட கணித கௌமுதியில் நாராயண பண்டிதர் கொடுத்த முறைதான் இதன் ஆதி என்று கணினியியலார் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆறரை நூற்றாண்டாக வேலை செய்யும் அல்காரிதம். ஆவணம்தான் இன்னும் தடுமாறுகிறது.

‘அகராதி வரிசை’ என்ற சொல்லிலும் ஒரு கண்ணி உண்டு. பைத்தான் ஆவணம் அடுக்குகள் அகராதி வரிசையில் வரும் என்கிறது, ஆனால் ‘உள்ளீடு வந்த ஒழுங்கின்படி’ என்றும் சேர்த்துக்கொள்கிறது. தமிழில் எழுதும்போது அந்த ஒட்டை விட்டுவிட்டால், அகராதி என்றதும் நம்மவர் ஈரோடு முன்னால், கோவை பின்னால் என்றே நினைப்பார். ‘உள்ளீட்டில் எது முதலில் வந்ததோ அதுவே இங்கே அகராதியின் முதல் எழுத்து’ என்று எழுதிவிடுவது நல்லது.

வெளிவரும் வரிசை லைப்ரரிக்கு லைப்ரரி மாறும். அ, ஆ, இ மூன்றுக்கும் பைத்தான் தருவது அஆஇ, அஇஆ, ஆஅஇ, ஆஇஅ, இஅஆ, இஆஅ. 1963-இல் ஹீப் வெளியிட்ட அல்காரிதம் தருவது அஆஇ, ஆஅஇ, இஅஆ, அஇஆ, ஆஇஅ, இஆஅ. ஒவ்வொரு அடியிலும் ஒரே ஒரு ஜோடி மட்டும் இடம் மாறும். ஹாஸ்கெல் மொழி தருவது அஆஇ, ஆஅஇ, இஆஅ, ஆஇஅ, இஅஆ, அஇஆ. மேட்லாபின் பெர்ம்ஸ் தலைகீழ் அகராதி வரிசையில் தரும். ரூபி மொழி இன்னும் தெளிவு: எந்த வரிசையில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று ஆவணத்திலேயே எழுதிவிட்டது. இது சோம்பேறித்தனமில்லை. உள்ளே அல்காரிதத்தை நாளை மாற்றிக்கொள்ளும் உரிமையை அது வைத்துக்கொண்டிருக்கிறது. எதுவுமே சொல்லாமல் விடுவதுதான் மோசம். இன்று வருகிற வரிசையையே வாக்குறுதி என்று பயனர் பிடித்துக்கொள்வார், பிறகு மாற்ற முடியாது.

வரிசையை உறுதி சொன்னால் பயனருக்கு என்ன லாபம்? பெரிய ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தித் தொடரலாம். அகராதி வரிசை என்றால் எந்த அடுக்கும் எத்தனையாவது என்று நேராகக் கணக்கிடலாம், எத்தனையாவது என்பதிலிருந்து அடுக்கையும் எடுக்கலாம். 12 பொருள் ஓட்டத்தில் 30 கோடியாவது அடுக்கில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நான்கு கம்ப்யூட்டருக்குப் பங்கு பிரித்தும் கொடுக்கலாம். வரிசை உறுதி இல்லாத லைப்ரரியில் ‘முதல் பாதி உனக்கு, மறு பாதி எனக்கு’ என்று பிரித்தால், பதிப்பு மாறிய அன்றைக்குச் சில அடுக்குகள் இரண்டு பக்கமும் ஓடும், சில எங்குமே ஓடாது.

ஆவணத்தில் அடிக்கடி விடுபடுவது, கையில் தருகிற அடுக்கு யாருக்குச் சொந்தம் என்பது. வேகத்துக்காகச் சில லைப்ரரிகள் ஒரே அர்ரேயை உள்ளுக்குள்ளேயே மாற்றி மாற்றி அதையே திரும்பத் திரும்ப நீட்டும். ஒவ்வொன்றாகப் பிரின்ட் செய்து பார்த்தால் எல்லாம் சரி. பட்டியலில் சேர்த்து வைத்துவிட்டுக் கடைசியில் பார்த்தால், ஹீப் வரிசையில், இஆஅ, இஆஅ, இஆஅ என்று ஆறு தடவை நிற்கும். சேர்த்தது ஆறு அடுக்கை இல்லை, ஒரே அர்ரேயின் ஆறு முகவரியை. ‘அடுத்ததைக் கேட்கும்வரைதான் இது செல்லும், வைத்துக்கொள்ள வேண்டுமானால் நகல் எடுத்துக்கொள்ளவும்’ என்ற வரி கட்டாயம் வேண்டும். பைத்தானின் வழக்கமான வடிவமான சிபைத்தானும் உள்ளே டியூப்பிளை (அடுக்கு வந்து சேரும் பட்டியல்) மறுபடி பயன்படுத்தத்தான் செய்கிறது. ஆனால் வேறு யாரும் அதைப் பிடித்திருக்கவில்லை என்று பார்த்த பிறகே. அதனால் பயனர் கண்ணில் படாது, ஆவணத்திலும் சொல்ல வேண்டியதில்லை. பயனர் கண்ணில் பட்டால் மட்டும் எழுதினால் போதும்.

முடிவில் என்ன நடக்கும் என்பதும் இதே வகை. சி++ கடைசி அடுக்கைத் தாண்டினால் முதல் அடுக்குக்குத் திருப்பி வைக்கும் என்று பார்த்தோம். குனு அறிவியல் லைப்ரரியான ஜிஎஸ்எல் அதே இடத்தில் தோல்விக் குறி தந்துவிட்டு அடுக்கைத் தொடாமல் விட்டுவிடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நிரலைப் பெயர்த்து எழுதுகிறவர் இங்கேதான் இடறுவார்.

விளிம்பு நிலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலிப் பட்டியலுக்குப் பூஜ்யம் அடுக்கு இல்லை. ஒன்று, அதுவும் காலி அடுக்கு. லூப் ஒரு முறை ஓடும். உள்ளே முதல் பொருளை எடுக்கப் போனால் அங்கே பிழை வரும். 5 பொருளில் 2 எடுத்தால் 5 × 4 = 20. 5-இல் 7 எடுக்கச் சொன்னால் பைத்தான் பிழை தராது, ஒன்றும் தராமல் முடித்துக்கொள்ளும். எடுப்பது மைனஸ் எண் என்றால்தான் வேல்யூ எர்ரர் என்ற பிழை. உள்ளீட்டை முழுக்க வாங்கி வைத்துக்கொண்டே தொடங்குவதால், முடிவில்லாத ஜெனரேட்டரை (கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தருவது) கொடுத்தால் முதல் அடுக்குகூட வராமல் மெமரி தீரும். ஹாஸ்கெலில் முடிவில்லாப் பட்டியலுக்கும் அடுக்குகள் வரும். அதற்காகவே அந்த விசித்திர வரிசை.

அளவைப் பற்றி எழுதும்போது ‘பெரிய உள்ளீட்டுக்கு மெதுவாக இருக்கும்’ என்று எழுதிப் பயனில்லை. எண்ணைப் போடுங்கள். 8 பொருளுக்கு 40,320. 10-க்கு 36,28,800. 12-க்கு 47,90,01,600. விநாடிக்குப் பத்து லட்சம் அடுக்கு வருகிற மெஷினில் 12 பொருள் எட்டு நிமிடம், 13 பொருள் ஒன்றே முக்கால் மணி நேரம், 15 பொருள் பதினைந்து நாள், 20 பொருள் சுமார் 77,000 வருடம். மெமரி வேறு கணக்கு: பைத்தானில் 10 பொருளின் அடுக்குகளை ஒன்றொன்றாக வாங்கினால் இடமே பிடிக்காது; எல்லாவற்றையும் லிஸ்ட்டாக்கினால் அரை ஜிபிக்குப் பக்கத்தில் போகும். எண்ணிக்கையைத் தனியாகத் திருப்பித் தரும் ஃபங்ஷன் இருந்தால் அதன் எல்லையையும் எழுத வேண்டும்: 13! (1 முதல் 13 வரை பெருக்கியது) 32 பிட்டில் அடங்காது. குறியுள்ள 64 பிட்டில் 20! வரை அடங்கும், 21! அடங்காது.

இங்கே இன்னொரு வரியும் சேர்க்கலாம்: எதற்கு இந்த ஃபங்ஷனைப் பயன்படுத்தக் கூடாது என்று. சாயப்பட்டறைக்கே வருவோம். ஒரு நாளைக்கு 15 லாட் என்றால் எல்லா அடுக்கையும் போட்டுப் பார்த்து வாஷ் குறைவானதைத் தேடுவது நடக்கிற காரியமில்லை, தேவையும் இல்லை. இளம் ஷேடிலிருந்து கரு ஷேடுக்கு அடுக்கினால் இடையில் கழுவுவது குறையும் என்பது டையிங் மாஸ்டருக்குத் தெரிந்ததுதான். அது வெறும் சார்ட். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டிய ஊரில், ஒவ்வொரு வாஷும் செலவு. புரோகிராம் பதினைந்து நாள் ஓடி அதே வரிசையைச் சொன்னால் யாருக்கு என்ன?

தமிழில் மட்டும் வருகிற ஒரு சிக்கல் எந்த லைப்ரரி ஆவணத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. எழுத்துச் சரத்தை உள்ளீடாகக் கொடுக்கும்போது பைத்தான் யூனிகோட் குறிகளை எண்ணும், எழுத்துகளை எண்ணாது. ‘பல்லடம்’ நமக்கு ஐந்து எழுத்து: ப, ல், ல, ட, ம். கம்ப்யூட்டருக்கு ஏழு: ப, ல, புள்ளி, ல, ட, ம, புள்ளி. எழுத்துக் கணக்கில் 120 அடுக்கு வர வேண்டிய இடத்தில் 5040 வரும். ல-வும் புள்ளியும் இரட்டித்திருப்பதால் அவற்றில் வேறுபட்டவை 1260 மட்டுமே. அவற்றிலும் பல, புள்ளி முன்னால் வந்து நிற்கும் உடைந்த சரங்கள். ‘கோவை’ இரண்டே எழுத்து, நான்கு குறி. ஓகாரக் குறியை இரண்டு துண்டாகச் சேமித்த ஃபைலில் ஐந்து குறி. பார்க்க ஒரே சொல், ஒரு ஃபைலில் 24 அடுக்கு, இன்னொன்றில் 120. ஆகவே ‘சரத்தை நேராகக் கொடுக்காதீர்கள்; முதலில் எழுத்துகளாகப் பிரித்துப் பட்டியலாகக் கொடுங்கள்’ என்று தமிழ்ப் பயனருக்கான ஆவணத்தில் எழுத வேண்டும். சொல் விளையாட்டுப் புரோகிராம் எழுதும் மாணவர் முதலில் மோதுவது இந்தச் சுவரில்தான்.

எடுத்துக்காட்டுத் தேர்வுக்கு வருவோம். 1, 2, 3 போன்ற எடுத்துக்காட்டு எதையும் காட்டிக்கொடுக்காது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு நல்ல சாட்சி ஹீப் அல்காரிதம். அதைத் தவறாக எழுதிய வடிவம் ஒன்று பரவலாக உலவுகிறது. லூப்பின் கடைசிச் சுற்றிலும் தேவையில்லாமல் ஒரு இடமாற்றம் செய்துவிடும். மூன்று பொருளுக்குச் சரியானதும் தவறானதும் அச்சாக ஒரே ஆறு அடுக்கு. நான்கு பொருளில்தான் குட்டு வெளிப்படும்: ஆறாவது அடுக்கு இஆஅஈ. அடுத்தது ஒரே இடமாற்றத்தில் ஈஆஅஇ என்று வர வேண்டும். தவறான வடிவத்தில் ஈஆஇஅ வரும். மூன்று இடம் நகர்ந்துவிட்டது. 24 அடுக்கும் எப்படியோ வந்துவிடுவதால் எண்ணிக்கையைச் சோதிப்பவருக்கும் தெரியாது. ‘ஒவ்வொரு அடியிலும் ஒரே ஜோடி மாறும்’ என்று ஆவணத்தில் எழுதியிருந்தால், அதை நான்கு பொருளிலாவது சோதித்த பிறகு எழுதுங்கள்.

எடுத்துக்காட்டுகளைக் கம்ப்யூட்டரே ஓட்டிச் சரிபார்க்கும் வசதி பைத்தானில் டாக்டெஸ்ட் என்ற பெயரிலும், ரஸ்ட் மொழியில் கார்கோ டெஸ்ட்டிலும் இருக்கிறது. வரிசைக்கு உத்தரவாதம் தராத ஃபங்ஷனுக்கு இதை அப்படியே வைத்தால், வரிசையைச் சோதித்து அதையே வாக்குறுதியாக்கிவிடுவீர்கள். கோ மொழி இதற்கு வழி வைத்திருக்கிறது: எடுத்துக்காட்டின் கீழே ‘வரிசையற்ற வெளியீடு’ என்று குறித்தால் வரிகள் எந்த ஒழுங்கில் வந்தாலும் ஏற்கும். அதன் ஆவணம் அதை விளக்கக் காட்டுவதே பெர்ம் என்ற ஃபங்ஷனைத்தான்.

இவ்வளவையும் சேர்த்தால் ஆவணம் பக்கக்கணக்கில் நீளுமோ என்ற பயம் வேண்டாம். மதிப்பைப் பாராமல் இடத்தை வைத்து அடுக்கும் ஒரு ஃபங்ஷனுக்கு இவ்வளவு போதும்:

‘பட்டியலில் உள்ளவற்றை எடுத்து, கேட்ட நீளத்துக்கு எல்லா அடுக்குகளையும் ஒவ்வொன்றாகத் தரும். நீளம் சொல்லாவிட்டால் முழு நீளம். ஒரே மதிப்பு இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டாகவே எண்ணப்படும், அடுக்குகள் இரட்டிக்கும். வெளிவரும் வரிசை: உள்ளீட்டின் ஒழுங்கையே அகராதியாகக் கொண்டது, இது மாறாது. ஒவ்வொரு அடுக்கும் புதியது, வைத்துக்கொள்ளலாம். உள்ளீடு முழுவதும் முதலிலேயே படிக்கப்படும். காலிப் பட்டியலுக்கு ஒரு காலி அடுக்கு. நீளம் பட்டியலைவிடப் பெரியதானால் ஒன்றும் வராது. 10 பொருளுக்கு 36,28,800 அடுக்கு. அதற்கு மேல் போவதற்கு முன் கணக்குப் போடவும். எடுத்துக்காட்டு: கோவை, ஈரோடு, கோவை, நீளம் 2. தருவது: கோவை-ஈரோடு, கோவை-கோவை, ஈரோடு-கோவை, ஈரோடு-கோவை, கோவை-கோவை, கோவை-ஈரோடு.’

எடுத்துக்காட்டில் ஏறுவரிசை இல்லை, ஒன்று இரட்டித்திருக்கிறது, நீளமும் முழு நீளம் இல்லை. இடமா மதிப்பா, எது அகராதி, நீளம் எதைக் குறிக்கிறது என்று மூன்று கேள்விக்கும் அந்த ஆறு ஜோடியே பதில் சொல்லிவிடும். ‘இது மாறாது’ என்ற இரண்டு சொல்லை மட்டும் எழுதுவதற்கு முன் குழுவில் எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எழுதிய பிறகு அல்காரிதத்தை மாற்ற நினைத்தால், பதிப்பு எண்ணின் முதல் இலக்கத்தைக் கூட்ட வேண்டிவரும்.